ஐந்தாவது பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாமா?

ஒரு வருஷமாகக் கார் பிளேயருக்குள் சிக்கிக் கிடந்த சிடி போன வாரம்தான் வெளியே வந்தது. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'ரெட்' ஆல்பம், 2012 அக்டோபரில் வந்த பதிப்பு. பழுது பார்த்தவர், "பாடும் சார், நெக்ஸ்ட் பட்டன் மட்டும் வேலை செய்யாது, பரவாயில்லையா?" என்றார். தலையாட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இந்த ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டு 'ஆல் டூ வெல்'. ஐந்தரை நிமிடம். விட்டுவந்த ஸ்கார்ஃப், ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் ஆடிய ஆட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நெஞ்சை அடைக்கவைத்துவிடும். அது அடங்குவதற்குள் ஆறாவதாக '22' துள்ளிக்கொண்டு வந்து நிற்கும். இழவு வீட்டு வாசலில் கல்யாண ஊர்வலம். பட்டன் இருந்தவரை தாண்டிப் போனேன். இப்போது முழுசாகக் கேட்டே ஆகவேண்டும்.

நியாயமாகச் சொன்னால், இந்த ஆல்பத்தின் குணமே அதுதான். நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரியில், அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில், பேர் வாங்கியவர், ஸ்வீடன்காரர்களான பாப் இசைத் தயாரிப்பாளர்கள் மாக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக்கோடு சேர்ந்து மூன்று பாட்டு செய்தார்; ஒன்றில் டப்ஸ்டெப் என்ற எலக்ட்ரானிக் இசையின் உறுமல்கூட உண்டு. பிரிந்தவர் மனசு ஒரே ராகத்திலா பாடும்? காலையில் அழுகை, சாயங்காலம் திமிர். அமெரிக்காவில் முதல் வாரமே 12 லட்சம் பிரதிகள் போயின. 2014 கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது மட்டும் பாடகி கேஸி மஸ்கிரேவ்ஸுக்குப் போய்விட்டது.

நண்பன் கேட்டான்: "பழசா, 2021 மறுபதிவா, எதை வாங்கட்டும்?" மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவுகளின் உரிமை கைமாறிய கோபத்தில் அவரே திரும்பப் பாடியது அது. 30 பாட்டு, குரலும் முதிர்ந்திருக்கிறது. முதல் பதினாறும் பழைய வரிசையேதான், '22' அதே இடத்தில்! ஆனால் 'ஆல் டூ வெல்'லின் பத்து நிமிட வடிவத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். முடிந்ததும் நிசப்தம். ஒன்பது வருஷம் நான் கேட்டது இதைத்தானே! அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே மிக நீளமானது என்ற பேர் வேறு.

சரி, புதுசையே வாங்கு என்றேன். எனக்கோ அதில் கோபம் கூடி வலி குறைந்த மாதிரி இருக்கிறது. பழசுக்கு இன்றைய கடுப்பில் ஐந்துக்கு இரண்டரைதான். இரவல் கேட்காதே, தரமாட்டேன். சிடி வண்டியிலேயே இருக்கிறது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, ஏறக்குறைய நான்கு நிமிடம் சும்மா ஓட்டுகிறேன்.