கரிசல் மானாவாரியில் ஆறு ஆண்டு வேம்: இட்டதும் கண்டதும்

விளாத்திகுளம் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் நான்கு ஏக்கர் கரிசல் காட்டில் 2018 புரட்டாசி முதல் வேம் (VAM) எனப்படும் வேர் உட்பூசணத்தை, அதாவது பயிரின் வேருக்குள் வாழ்ந்து சத்தைத் தேடிக் கொடுக்கும், மண் போன்ற கலவையாகப் பையில் விற்கும் பூசணத்தைப் பயன்படுத்தி வருகிறேன். பையைப் பிரித்துத் தூவினால் போதும், விளைச்சல் கூடிவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். காசு கொடுத்து மண்ணை வாங்குகிறாயே என்று அடுத்த காட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். இந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு பேச்சுக்கும் சான்று என் காட்டிலேயே கிடைத்துவிட்டது.

நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் 2017-இல் விதைத்த மக்காச்சோளம். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோனதால் எங்கள் காடு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஒரு பச்சையும் இல்லாமல் கிடந்தது. மறு ஆண்டு மழை பெய்து, அடியுரமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த டி.ஏ.பி. உரமும் குறைவில்லாமல் இட்டு விதைத்தும், பயிர் முழங்கால் உயரத்திலேயே நின்று, இலை ஓரமெல்லாம் ஊதா நிறமாகிவிட்டது. மணிச்சத்துக் குறைபாட்டின் அடையாளம் அது. உரம் போலியோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கரிசல் மண்ணிலும் நெடுங்காலம் தரிசாகக் கிடந்த நிலத்தில் சூரியகாந்தியும் மக்காச்சோளமும் இதே போலக் குன்றிப்போவதையும், உயிருள்ள வேர் இல்லாத காலத்தில் மண்ணிலிருந்த வேர்ப்பூசணம் அருகிப்போவதே அதற்குக் காரணம் என்று 1987-இல் அங்கே ஆய்வு வெளியானதையும் பிறகு படித்தபோதுதான், எங்கள் காட்டுக்கு நேர்ந்தது என்னவென்று விளங்கியது.

நம் கரிசலில் சுண்ணாம்பு மிகுதி. இடுகிற மணிச்சத்தை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்தும் தழைச்சத்தைப் போல நீரோடு நகர்ந்து வருவதில்லை. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அதற்கு அப்பால் இருப்பது எட்டாக்கனிதான். வேம் பூசணத்தின் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. சில சென்டிமீட்டர் தொலைவு வரை பரவி, வேர் நுழைய முடியாத இடுக்குகளிலும் புகுந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, அதற்கு ஈடாகச் செடி தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. வறட்சியைத் தாங்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் இந்த அளவில்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காய்ந்த மண்ணிலிருந்து இது தண்ணீரை வரவழைப்பதில்லை. நன்றாக ஊட்டம் பெற்று வேர்விட்ட செடி இரண்டு மூன்று நாள் தாமதித்து வாடுகிறது. மானாவாரியில் அந்த இரண்டு நாளுக்குள் ஒரு தூறல் விழுந்துவிடுவதும் உண்டு.

முதல் ஆண்டு நான் செய்தது பிழை. தொழுவுரத்தில் கலந்து காடெங்கும் வீசி உழுதேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டுதான் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து குருத்தைத் தின்றது என்பதால், அந்த விளைச்சலை எதனோடும் ஒப்பிட இயலாது. வேம் என்பது யூரியாவைப் போலக் கரைந்து போய்ச் சேரும் பொருளன்று. முளைத்து வரும் வேர் அதைத் தொட்டாக வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், மண்ணின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இட்டு, அதற்கு மேல் விதைக்கச் சொல்கிறது.

2019-இல் அவ்வாறே செய்தேன். கிணற்றை ஒட்டிய அரை ஏக்கருக்கான மிளகாய் நாற்றை இரண்டு பாத்திகளாக விட்டு, ஒன்றில் மட்டும் வேம் இட்டு, நட்ட பிறகு வரிசைகளுக்குக் குச்சி ஊன்றி அடையாளம் வைத்தேன். முதல் மாதம் வேறுபாடு எதுவும் இல்லை. தை மாதத்தில் தண்ணீர் கட்ட முடியாமல் போன பதினைந்து நாளில்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது: வேம் இடாத வரிசைகள் காலை பத்து மணிக்கே துவள, இட்டவை உச்சிவெயில் வரை நிமிர்ந்து நின்றன. வற்றல் எடை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. அதே பருவத்தில் டி.ஏ.பி.யை முழு அளவு இட்ட நான்கு வரிசைகளில் மட்டும் வேம் இருந்தும் பயன் தெரியவில்லை. மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூசணத்தை வேருக்குள் அவ்வளவாக அனுமதிப்பதில்லை. வீட்டில் சோறு இருக்கும்போது கடைச் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

2020-இல் வாங்கியது செத்த சரக்கு. தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுவதும் கிடந்த மூட்டை அது என்று பின்னரே தெரிந்தது. வேளாண் படிப்புப் படிக்கும் என் அண்ணன் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். தொட்டியில் அந்த வேமை இட்டு மக்காச்சோளம் வளர்த்து, நாற்பதாம் நாள் மெல்லிய வேர்களை எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து, வினிகரில் பேனா மை கலந்து சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள். முந்தைய ஆண்டு மிச்சம் வைத்திருந்த வேமில் வளர்ந்த வேரில் நீல நிறத்தில் இழைகளும் முட்டை வடிவப் பைகளும் தெரிந்தன. புதிதாக வாங்கியதில் வெறும் வேர்தான் இருந்தது. பொட்டலத்தின் மேல் இருக்கும் தேதி அது உயிரோடு இருப்பதற்குச் சான்றாகாது.

அதிலிருந்து நானே பெருக்கிக்கொள்கிறேன். இந்தப் பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது என்பதால், டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு நன்மை செய்யும் பூசணத்தைப் போல இதைப் பீப்பாயில் பெருக்க முடியாது. ஒரு மீட்டர் நீள அகலமும் முப்பது சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் கறுப்புப் பாலித்தீன் தாள் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளும் 5 கிலோ நுண்ணுயிர் நீக்கிய மண்ணும் நிரப்பி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பெருக்குவதற்கான வித்தாக ஒரு கிலோ தாய் வேமைப் பரப்பி மக்காச்சோளம் விதைத்து, அறுபது நாள் கழித்து வேரை நறுக்கிக் கலந்தால் 55 கிலோ கிடைக்கும் என்பது பல்கலைக்கழகத்தின் முறை. நான் வெர்மிகுலைட்டுக்குப் பதில் ஆற்று மணல் பயன்படுத்துகிறேன். சுமக்கும்போது முதுகு ஒடிகிறது, வேறு குறை காணவில்லை.

கீரைப் பாத்திக்கும் முள்ளங்கிக்கும் இதை இடுவது வீண். அந்த இரண்டு குடும்பங்களின் செடிகளும் பெரும்பாலும் இந்தப் பூசணத்தோடு சேருவதில்லை. விதை நேர்த்திக்குக் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியைப் பயன்படுத்துவதையும் விட்டுவிட்டேன், அது இதையும் சேர்த்தே அடக்கிவிடும் என்பதால்.

எனக்கே வியப்பளித்தது 2021-க்குப் பிறகு நடந்ததுதான். அறுவடைக்குப் பின் கோடை உழவைக் குறைத்து, வரிசைகளுக்கு இடையே துவரையைப் பங்குனி வரை நிற்க விட்டேன். வேர் ஏதாவது ஒன்று மண்ணில் உயிரோடு இருந்துகொண்டே இருந்தது. 2022-இல் விதைத்த சோளத்தில் வேம் இட்ட துண்டுக்கும் இடாத துண்டுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டிலும் வேரைச் சாயமேற்றிப் பார்த்தபோது பூசணம் ஒரே போல இருந்தது. காட்டுக்குச் சொந்தமான பூசணமே திரும்பி வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வயலுக்கு இடுவதை நிறுத்திவிட்டேன். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் காட்டிலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்று மிளகாய் முழுவதும் அழுகியதால், அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது மிளகாய் நாற்றங்காலுக்கும் பையில் வளர்க்கும் மரக்கன்றுகளுக்கும் மட்டுமே வேம். வரப்பில் நட்ட சீத்தாவில், பைக்குப் பத்து கிராம் இட்டு வளர்த்த முப்பது கன்றில் இருபத்தாறும், இடாத முப்பதில் பத்தொன்பதும் கோடையைக் கடந்தன. இந்த ஆண்டு கடையில் வாங்கியது இரண்டு கிலோ, அதுவும் குழிக்குத் தாய் வேமாக. விதைப்பதற்கு முன் தொட்டியில் சோதனைக்குப் போட்ட மக்காச்சோளத்துக்கு இன்று இருபத்தோராம் நாள்.