ஜிப்சம் போர்டு ஜாயிண்ட்: ஓரத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள்

வீட்டில் ஜிப்சம் போர்டில் தடுப்புச் சுவர்களும் சீலிங்கும் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. எந்த ஜாயிண்ட் தாக்குப்பிடித்தது, எது தெரிய ஆரம்பித்தது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

போர்டின் நீளவாக்கு ஓரங்கள் டேப்பராக, சற்று மெலிந்து இருக்கும். அப்படி இரண்டு ஓரங்கள் சேரும்போது ஆழமில்லாத ஒரு பள்ளம் கிடைக்கிறது. காம்பவுண்ட் (ஜாயிண்டை நிரப்பும் பூச்சு) தடவி, 50 மி.மீ. பேப்பர் டேப்பைப் பதித்து, காய்ந்ததும் மேலே இரண்டு கோட். அவ்வளவுதான். இந்த ஜாயிண்ட்களைக் கையால் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தொல்லை எல்லாம் அகலவாக்கு ஓரத்தில்தான். அது நேர்வெட்டு, பள்ளமே கிடையாது. டேப் ஒட்டினாலே மேடு. உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கப் பார்த்தால் டேப் வெளியே வந்துவிடும். காம்பவுண்டை இரண்டு பக்கமும் நன்றாக இழுத்து, மேடு கண்ணுக்குத் தெரியாத அளவு பரப்ப வேண்டும். டேப்பர் ஜாயிண்டுக்கு ஓரடி அகலம் போதும் என்றால் இதற்கு இரண்டடி வேண்டும். சுவரில் இது நன்றாகவே அமைந்தது. சீலிங்கில், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் மட்டும் மெல்லிய நிழல் விழுகிறது.

ஓர் அறையில் வேறு முறை. நேர்வெட்டு ஜாயிண்டை, போர்டைத் தாங்கும் சட்டத்தின் மேல் கொண்டுவராமல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே விட்டு, பின்புறம் நடுப்பகுதி குழிந்த பட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினோம். ஓரங்கள் உள்ளே இழுபட்டு டேப்பர் போலவே பள்ளம் விழுந்தது. அந்த அறையில் எந்த வெளிச்சத்திலும் நிழல் இல்லை. கூடுதல் வேலைதான், ஆனாலும் சீலிங்குக்கு இதையே சொல்வேன்.

வெட்டிய ஓரம் டேப்பரோடு சேரும் இடத்தை அவசரமாக முடிக்கக் கூடாது. வெட்டிய பக்கத்துப் பேப்பர் பிசிறைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட வேண்டும். இல்லையென்றால் ஈரத்தில் உப்பிக்கொள்ளும். அப்புறம் டேப்பர் பக்கத்துப் பள்ளத்தை முதலில் நிரப்பி, இறுகிய பிறகே டேப். இதற்குத் தண்ணீர் கலந்ததும் தானே இறுகும் காம்பவுண்ட் பவுடர் நல்லது, வாளியில் வரும் ரெடிமிக்ஸ் காயும்போது அதிகம் சுருங்கும். பேப்பருக்குப் பதில் வலை போன்ற மெஷ் டேப் போட்டாலும் முதல் கோட் இந்தப் பவுடரில்தான் இருக்க வேண்டும்.

பிரைமர் அடிக்கும் முன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் இருந்தால் அப்போதே தெரியும். இன்னொரு கோட்டில் சரியாகிவிடும்.