ஏறுவதற்கு நல்ல வண்டி: என் 100 சிசியோடு நான்கு சீசன்

போன கிழமை என் மோட்டார் சைக்கிளின் முன் சில்லுப் பிறேக் சூவை மாற்றினேன். மின்னேரியாவில் வேலை செய்த நான்கு சீசனில் இது ஐந்தாவது சோடி. கராஜ்காரர் பழைய சூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கண்ணாடி மாதிரி மினுங்கியது. "எங்கட பக்கம் இது வருசக்கணக்கா ஓடும். நீ எங்க கொண்டுபோய் இப்பிடித் தேய்ச்சனி?" என்று கேட்டார். அன்று பின்னேரமே சித்தியின் மகன் வந்து, "அண்ணா, உங்கட வண்டி மாதிரி ஒண்டு மாங்குளத்தில விலைக்கு வருது, எடுக்கட்டோ?" என்றான். வாயால் சொன்னது அவனுக்குப் போதவில்லை, எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் பாதி வீடுகளின் முற்றத்தில் நிற்கிற அதே வண்டிதான். நான்கு கியர், காபரேட்டர், முன்னும் பின்னும் ட்ரம் பிறேக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு, பழையதொன்றை 2021 இல் அநியாய விலைக்கு வாங்கினேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்துவிட்டது, அதனால் தம்பி அவசரப்படத் தேவையில்லை.

ஆடி தொடங்கி ஐப்பசி வரை எனக்கு மின்னேரியாவில், யானை பார்க்க வருகிறவர்களை ஏற்றும் ஜீப்புகளில் வேலை. வெயில் காலத்தில் குளம் வற்ற வற்ற, வெளித்த தரையில் புதுப் புல் முளைக்கும். அதை மேயச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் ஜீப்புகளுக்கு ஓய்வே இல்லை. ஜீப் கழுவுவேன், தமிழ்க் குடும்பங்கள் வந்தால் கூடப் போய் விளக்கம் சொல்வேன். கிழமையில் ஒரு நாள் லீவு. மற்றப் பொடியன்கள் அன்றைக்கு நித்திரை கொள்வார்கள். நான் விடிய ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துவிடுவேன்.

வன்னியில் வளர்ந்தவனுக்கு மேடு என்றால் குளக்கட்டு. இரணைமடுக் கட்டில் ஏறி நின்றால் அதுதான் உலகத்தின் உயரம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளை வந்து, இரத்தோட்டையில் திரும்பி ரிவஸ்டனுக்கு ஏறுகிற பாதையை முதலில் பார்த்தபோது, இந்த வண்டி இதில் போகாது என்றே நம்பினேன். போனது. இரண்டாம் கியரில், முக்கி முனகாமல், ஒரே சத்தத்தில் ஏறியது. கீழே மின்னேரியாவில் தரை வெடித்துக் கிடக்க, மேலே முகிலுக்குள் நனைந்துகொண்டு நிற்கிறேன். ஓகஸ்ட்டில் அங்கே அடிக்கிற காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் பிட்டவல பத்தனை. பாறைக்கு மேல் மெல்லிய மண், அதில் வெறும் புல், சுற்றிவர மலை. அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்த அரை மணித்தியாலத்துக்காகவே வாங்கிய விலையை மன்னித்தேன்.

அம்மம்மா இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு தோட்டத்து லயத்து வீட்டை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு சீசனும் அங்கே சாதிக்காய் வாங்கி வந்து கொடுப்பேன். மூக்கருகே வைத்து மணந்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வார். அந்த ஊரை எனக்குக் காட்டியது இந்த வண்டி.

பெற்றோலில் குறை சொல்லவே முடியாது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது கிழமைக்கு நான்கு லீற்றர்தான். அந்த நான்கு லீற்றரில் வேலைக்கும் போய், மிச்சம் பிடித்து மலைக்கும் ஒரு தடவை போனேன். நுவரெலியாவுக்கும் கொண்டுபோயிருக்கிறேன். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாகிவிடும், காபரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவு பெற்றோலைத்தான் விடும். றம்பொடைக்கு மேல் வண்டி களைத்தது, பிளக்கைக் கழற்றினால் முழுக்கக் கரி. ஆனாலும் நிற்கவில்லை.

சரி, இனி இறக்கம்.

2023 இல் கண்டிப் பக்கமிருந்து உன்னஸ்கிரிய தாண்டி மகியங்கனைக்குப் பதினெட்டு வளைவில் இறங்கினேன். பாதி வளைவுகூட முடியவில்லை, முன் பிறேக் பிடி ஹேண்டிலோடு வந்து ஒட்டியது. பிடிக்கிறேன், வண்டி போகிறது. பின் பிறேக்கை மிதித்து, வளைவின் உட்பக்கச் சரளையில் இழுத்து நிறுத்தினேன். சூ கருகிய மணம். கால் நடுங்கியது. போத்தல் தண்ணீரை ஊற்றப் போனேன். பின்னால் நின்ற லொறியின் ஓட்டுநர் இறங்கி வந்து, "ஊத்தாத தம்பி, ட்ரம் வெடிச்சிரும். ஏறுற கியர்லதான் எறங்கணும்" என்றார். மாத்தளைக்காரர். பிறேக் ஆறும்வரை கூடவே நின்றார்.

ட்ரம் என்பது மூடிய சட்டி. உள்ளே சூ உரசிச் சூடேற, சட்டி விரிகிறது, சூ எட்ட வேண்டிய தூரம் கூடுகிறது. அந்தச் சூட்டில் சூவின் முகமும் மினுங்கி வழுக்கத் தொடங்குகிறது. டிஸ்க் பிறேக்கில் தட்டு வெளியே காற்றுப்பட நிற்பதால் சூட்டை விட்டுவிடும். எங்கள் ஊர்த் தெருவில் மாடு குறுக்கே வந்தால் ஒரு தடவை பிடிப்போம், முடிந்தது. மலையில் ஒரு மணித்தியாலம் விடாமல் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டாம் கியரில், சில இடத்தில் முதலாம் கியரில், எஞ்சினை வைத்தே இறங்குகிறேன். பிறேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவேன். அப்படியும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு சோடி போகிறது. சூ பெரிய காசில்லை. என் கோபம் வேறு. ஏறும்போது கண் முழுக்க மலை, இறங்கும்போது கண் முழுக்க ரோட்டு. அதே பள்ளத்தாக்கு, அதே அருவி, திரும்பி வரும்போது ஒன்றையும் நான் பார்த்ததில்லை. காதெல்லாம் எஞ்சின் சத்தத்தில், விரலெல்லாம் பிடியில். லீவு நாளில் பாதியை இந்த வண்டி என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நான்கு வருடமாக எடுத்துக்கொள்கிறது. முன் சில்லைப் பிடித்திருக்கிற போர்க்கையே மாற்றி டிஸ்க் போடலாம் என்கிறார்கள். விலை கேட்டேன், வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இவ்வளவு புகழ்ந்தபிறகும் தம்பிக்குச் சொல்வது இதுதான்: எடுக்காதே. வயலுக்கும் கடைக்கும் ஓடுவதற்கென்றால் இதைவிட நல்ல வண்டி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆனால் நீ அடுத்த சீசன் என்னோடு மின்னேரியாவுக்கு வரப்போகிறாய். முன் டிஸ்க் உள்ளதாகப் பார், காசு காணாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறு.

அப்படியென்றால் என்னுடையதைக் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டான். கொடுக்கமாட்டேன். புதுச் சூ இன்னும் படியவில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடி வரை ஓடி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் இரண்டு மூன்று ஓட்டத்தில் சரியாகப் பிடிக்கும்.