499 ரூபாய் ஃபைபர் நெட், ஆறு வருடம் கழித்து: என் நோட்டுக் கணக்கு

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். நெட் இல்லாத நாளில் எனக்கு வேலை இல்லை. அதனால் நெட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் தனி நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. இப்போதிருக்கும் ஃபைபர் இணைப்பை 2019 ஜூனில் வாங்கினேன். இந்த மாதம் ஏழாம் வருடம் தொடங்குகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதப்போவது ஒரு கம்பெனியின் தனிக் கதை இல்லை, விலை சொல்லும் முறையைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லைன் தரமானது. 2020 ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்பு ஒரு பக்கம், என் வேலை ஒரு பக்கம் என்று நாள் முழுக்க ஓடியது, ஒருநாளும் கைவிடவில்லை. 100 எம்பிபிஎஸ் என்றார்கள், கேபிள் செருகிப் பார்த்தால் தொண்ணூறுக்குக் குறையாமல் வருகிறது. ஃபைல் இறக்கும்போது 12 எம்பிக்கு மேல் காட்டவில்லையே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அது சரியான வேகம்தான். கம்பெனி சொல்வது பிட் கணக்கு, திரையில் தெரிவது பைட் கணக்கு. எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம்.

2019ல் வீட்டு வாசலில் செருகிவிட்டுப் போன நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது: மாதம் 499. போன் செய்தேன். 499 என்பது ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் என்றார்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 7,066 ரூபாய். லைன் போட வந்த தம்பி, ரவுட்டருக்கும் வேலைக்கும் சேர்த்து 1,500 வாங்கிக்கொண்டார். அன்று என் கையிலிருந்து போனது 8,566. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 714. நோட்டீஸில் பார்த்த 499க்கும் இந்த 714க்கும் நடுவில் இருக்கும் 215 ரூபாயை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வரிக் கணக்குப் பார்ப்பவன், ஜிஎஸ்டி எனக்குப் புதிதில்லை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது, அது அவருக்கு விலையின் பகுதிதான். மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட்டின் மேல் வரியோடு சேர்த்து விலை போட்டிருக்கிறது. நெட்டுக்கு மட்டும் ஏன் வரி இல்லாத விலையைப் பெரிதாகப் போட வேண்டும்?

2023 நவம்பர் 30ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறார்கள். முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அதில் ஒன்று. அதைப் படித்தபோது 2019ன் நோட்டீஸ்தான் நினைவுக்கு வந்தது. நான் அதை இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் வருடம் முடிந்தது. அந்த 499 புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். எனக்கு 599, வரியோடு 707. இரண்டு வருடம் அப்படியே போனது. 2022 ஜூனில் 799 ஆக்கினார்கள், வரியோடு 943. ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். அதே வேகம், அதே கம்பி, அதே ரவுட்டர். எல்லா விலையும்தான் ஏறுகிறது என்று நானும் கட்டிக்கொண்டே வந்தேன்.

2023 ஆயுத பூஜை நேரம். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இணைப்பு வாங்கினார்கள். அதே கம்பெனி, அதே 100 எம்பிபிஎஸ், என் வீட்டுக்கு வரும் அதே கம்பத்திலிருந்துதான் அவர்களுக்கும் கம்பி. அவர்கள் கட்டியது மாதம் 589. வருடப் பணம்கூடக் கேட்கவில்லை. நான்கு வருடம் ஒருநாள் தவறாமல் கட்டியவன் அவர்களைவிட மாதம் 354 ரூபாய் அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு 4,248. லைன் போட வந்தது பழைய தம்பிதான். அவரிடம் கேட்டேன்.

"எங்களுக்கு லைன் போடத்தான் தெரியும் அண்ணாச்சி. பில்லெல்லாம் மெட்ராஸ்ல போடுதாங்க. நீங்க கட் பண்ணப்போறேன்னு சொல்லிப் பாருங்க."

கஸ்டமர் கேரில் முதல் மூன்று முறை பேசியவர்களிடம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். உங்கள் பிளானில் சலுகை இல்லை சார் என்ற ஒரே பதில். நான்காம் முறை, இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று சொன்னேன். உடனே வேறு ஒருவருக்கு மாற்றினார்கள். ஐந்தே நிமிடம். ஒரு வருடத்துக்கு 599 தருகிறோம் என்றார்கள். நவம்பரிலிருந்து பில் 707 ஆனது.

போனை வைத்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. கொடுக்க முடிகிற விலையைக் கையில் வைத்துக்கொண்டு, போய்விடுவேன் என்று மிரட்டுகிறவனுக்கு மட்டும் அதைக் கொடுக்கிறார்கள். மிரட்டத் தெரியாதவர்கள், இப்படிக் கேட்கலாம் என்றே தெரியாதவர்கள், நாள் தவறாமல் கட்டுகிறவர்கள், இவர்கள்தான் அந்தச் சலுகைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள். பழகிய கடையில் பழைய வாடிக்கையாளருக்கு ஒரு பிடி கூடப் போடுவதுதான் நமக்குத் தெரிந்த வியாபாரம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பின் அறையில் வைஃபை மெதுவாக இருக்கிறது என்று ஒருமுறை புகார் செய்தேன். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்கள் என்றார்கள். எங்கள் ரவுட்டர் இருந்தது இரும்பு பீரோவுக்குப் பின்னால். அதை எடுத்துக் கதவு நிலைக்கு மேலே மாட்டினேன். பின் அறையில் 15 வந்த இடத்தில் 60 வந்தது. வேகம் போதவில்லை என்று பிளானை மாற்றப்போகிறவர்கள் முதலில் ரவுட்டர் இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். முன்பு என்னிடம் 2.5 ஜிபி கொடுக்கும் பிஎஸ்என்எல் 500 ரூபாய் பிளான் இருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து வரி மென்பொருளை இறக்கியிருக்கிறேன். கஷ்டம்தான், ஆனால் எவ்வளவு, எப்போது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த அன்லிமிடெட் எல்லாம் உள்ளே ஒரு வரம்பு வைத்தவை. வரம்பைத் தாண்டினால் வேகம் பாதாளத்துக்குப் போகும். 2016 அக்டோபரில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், பிராட்பேண்டில் எப்படிக் குறைத்தாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. இப்போது பல ஃபைபர் பிளான்களில் வரம்பு மாதம் 3,300 ஜிபி. எங்கள் வீட்டில் 300ஐத் தாண்டியதில்லை, அதனால் எனக்கு இதில் குறை இல்லை. வரம்பு இருந்தால் அந்த எண்ணையே பெரிதாகப் போடலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

மொபைல் பக்கம் இதைவிட மோசம். அம்மா சங்கரன்கோவில் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். பட்டன் போன். அவருக்குத் தேவை பேசுவது மட்டும். நாள்காட்டியில் ரீசார்ஜ் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். அந்த வட்டம் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் முன்னால் நகரும். "மாசம் ஒருக்கத்தானே சொன்ன, இப்போ தேதிக்கு முன்னாலயே கேக்கானே" என்று என்னிடம் கேட்டார். 28 நாள் கணக்கு என்று புரியவைக்க வெகுநேரம் ஆனது. 28ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 364. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஆனால் ரீசார்ஜ் பதின்மூன்று. 299 ரூபாய் பிளானில் இருப்பவர் அந்தப் பதின்மூன்றாவது முறைக்காக 299 கூடக் கட்டுகிறார். 2022 ஜனவரியில் ட்ராய் உத்தரவு போட்ட பிறகு, 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர் ரீசார்ஜ் கடைகளில் நாமாகக் கேட்டால் ஒழிய அதை எடுத்துக் காட்டுவதில்லை.

2024 ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் தினம் 1.5 ஜிபி கொடுக்கும் 28 நாள் பிளான் 239லிருந்து 299 ஆனது, நான்கில் ஒரு பங்கு ஏற்றம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தபோது நாம் எல்லோரும் வரிசையில் நின்று சிம் வாங்கினோம். அந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்காமல் பல நிறுவனங்கள் மூடின, இணைந்தன. கட்டணம் எவ்வளவு என்பதை ட்ராய் நிறுவனங்களிடமே விட்டு வைத்திருக்கிறது. ஆகவே மிச்சம் இருக்கும் மூன்று பேரும் ஏற்றினால், பிஎஸ்என்எல் சிக்னல் நன்றாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் போக வேறு இடம்.

அம்மா விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்கு, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பிளான் கட்டாயம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதியைத் திருத்தியது. ஜனவரியில் அப்படிப்பட்ட பிளான்கள் வந்ததும் அம்மாவை 84 நாள் பிளானுக்கு மாற்றினேன். தொட்டுக்கூடப் பார்க்காத டேட்டாவுக்கு இத்தனை வருடம் அவர் பணம் கட்டியிருக்கிறார். இப்போது நாள்காட்டியில் வருடத்துக்கு நான்கைந்து வட்டம்தான்.

மறுபடியும் என் ஃபைபர். 2023 டிசம்பர் 17, 18 மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஒன்பது நாள் எனக்கு நெட் இல்லை. கம்பம் சாய்ந்ததற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தம்பிகள் முழங்கால் தண்ணீரில் நின்று கம்பி இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த மாத பில் குறையாமல் 707 வந்தது. வராத ஒன்பது நாளுக்கு 212 ரூபாய். கேட்டால், சிஸ்டத்தில் கழிக்க வழி இல்லை என்றார்கள்.

இங்கேதான் ஒரு விவரம் உதவியது. ட்ராய் தனிநபர் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்க வேண்டும். அதில் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எண்ணைக் குறிப்பிட்டு அப்பீல் எழுதினேன். ஐந்து வாரம் கழித்து அடுத்த பில்லில் 212 கழிந்திருந்தது. அங்கேயும் தீராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் செல்லாது என்று நிறுவனங்கள் வெகுகாலம் வாதாடின. செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆறு வருடக் கணக்கைப் போன வாரம் கூட்டிப் பார்த்தேன். 72 மாதம், திரும்பக் கிடைத்த 212ஐக் கழித்து 54,786 ரூபாய். சராசரி மாதம் 761. இணைப்பு வாங்கலாமா என்று கேட்டால், லைனுக்காக வாங்கலாம் என்பேன். ஆனால் வாங்குமுன் வரியோடு என்ன விலை, முதல் வருடம் முடிந்ததும் என்ன விலை, ரவுட்டர் பணம் திரும்ப வருமா, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடம் முடிய பத்து நாள் இருக்கும்போது நீங்களே போன் செய்யுங்கள். நான் அப்படித்தான் இரண்டாம் முறையும் 599ஐத் தக்கவைத்தேன்.

எங்கள் மாடியில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். மகன் மஸ்கட்டில். வீடியோவில் பேரனைப் பார்ப்பதற்காக மட்டும் இணைப்பு, பென்ஷனிலிருந்து மாதம் 943. மார்ச்சில் அவர் பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கஸ்டமர் கேருக்குப் பேச வைத்தேன். துண்டிக்கப்போகிறேன் என்று சொல்ல ஆச்சிக்கு வாயே வரவில்லை. "நல்லா ஓடுத லைன போய் எப்படிப்பா வேண்டாம்னு சொல்ல?" என்றார். கடைசியில் சொன்னார், விலை இறங்கியது. ஏப்ரல் பில் 707.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆச்சி கேட்டார்: "இதுவரைக்கும் கூட வாங்குனத திருப்பித் தருவாங்களா?" அவர் பெயரில் அப்பீல் எழுதி அனுப்பியிருக்கிறேன். டாக்கெட் எண் என் நோட்டில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.