செட்டிநாட்டு வீடுகளில் அறை எடுப்பவர்கள் கவனத்துக்கு

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் அறை பதிவு செய்து தரும் ஒரு செயலியால் எங்கள் குடும்பம் 18,000 ரூபாய் இழந்திருக்கிறது.

பெரியப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்கு (வயது நிறைவில் செய்யும் மணவிழா) வரும் உறவினர்களுக்காக அறைகள் எடுத்திருந்தோம். காரைக்குடி விடுதி ஒன்றின் பொது வைஃபையில் அந்தப் பதிவைச் சரிபார்த்தேன். அன்றிரவே பெரியம்மாவுக்கு அழைப்பு வந்தது. “ஆச்சி, சாந்திக்கு எடுத்த அறைகளுக்குப் பாக்கி நிற்கிறது. இன்றைக்கே கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்” என்றிருக்கிறான். பதிவு எண், தேதி, முன்பணம் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னவனை அவர் எப்படிச் சந்தேகிப்பார்?

நிறுவனத்தைக் கேட்டால், “பொது வைஃபையில் திறந்தது உங்கள் தவறு” என்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது. நம்பத்தகாத இணைப்பிலும் பேச்சு ஒட்டுக்கேட்கப்படாமல் இருக்கத்தானே டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையே வந்தது! சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழ் நம்பகமான அமைப்பு தந்ததா, அந்த சர்வரின் பெயருக்குத்தான் தந்ததா என்று செயலி சோதிக்க வேண்டும். சோதிக்காவிட்டால், மறையாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நடுவில் நிற்கும் திருடனோடு செய்துகொண்ட மறையாக்கம்தான்.

மென்பொருள் துறையில் இருக்கும் என் அக்காள் மகள், எங்கள் வீட்டு வைஃபையிலேயே சோதித்துக் காட்டினாள். தானே தயாரித்த போலிச் சான்றிதழைச் செயலிக்கும் சர்வருக்கும் இடையில் வைத்தாள். என் வங்கிச் செயலி இணைய மறுத்துவிட்டது; பிரவுசர் எச்சரித்தது. இந்தச் செயலி மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் இணைந்தது. என் கடவுச்சொல்லும் பெரியம்மாவின் கைபேசி எண்ணும் அவள் திரையில் அப்படியே ஓடின. சோதனைக் காலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவைத்து, அப்படியே வெளியிட்டுவிடுவது இத்துறையில் நெடுங்காலமாக உள்ள கேடாம். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, மறையாக்கமே இல்லாத இணைப்பைத்தான் இயல்பாகத் தடுக்கிறது. சரிபார்ப்பை நிரலிலேயே அணைத்தவர்களை அது தடுப்பதில்லை.

அன்று விடுதியில் ஒட்டுக்கேட்டவன் யார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கதவு திறந்து கிடப்பதை நிரூபித்து அனுப்பினோம். வந்த பதில்: “கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.”

பிரவுசரில் போலச் செயலியில் பூட்டுக் குறியெல்லாம் தெரியாது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே வெளியூரில் கைபேசி டேட்டாவையே பயன்படுத்துங்கள். ஒரே கடவுச்சொல்லை வேறு இடங்களிலும் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பாக்கி கேட்டு யாராவது அழைத்தால், வைத்துவிட்டு விடுதிக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். நாங்களும் அங்கே புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை.