மருத்துவமனைக் கழிவுநீருக்கான எம்.பி.பி.ஆர். நிலையம்: 3 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் மருத்துவமனையில் 50 படுக்கைகள் உள்ளன. அதன் கழிவுநீருக்காக, நாளொன்றுக்கு 30,000 லிட்டர் கொள்ளளவுள்ள எம்.பி.பி.ஆர். (நீரில் சுழலும் சிறு சக்கரங்களில் நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிவைச் சிதைக்கும் முறை) வகைச் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுவி 3 ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அதன் அன்றாடப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. விற்க வந்த நிறுவனத்தின் பிரதிநிதி, நாற்றம் போகும், தோட்டத்துக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பதோடு நிற்காமல், மருந்து எச்சங்களையும் நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும் என்று உறுதியளித்தார். நாங்கள் இந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வாக்கே பெரிய காரணம். எங்கள் வளாகத்தின் பின்னால் ஓடும் ஓடை ஊர் ஏரியில் போய்ச் சேர்கிறது. ஏரியை ஒட்டிய கிணறுகளிலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர் ஏறுகிறது. ஆகவே அந்த வாக்கில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு நிம்மதியில்லை.

நிலையத்தின் உயிர்நாடி மீடியா எனப்படும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள். 1980-களின் இறுதியில் நார்வேயில் உருவான முறை இது. கே1 என்ற மூல வடிவத்தில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 9 மி.மீ. அகலமே இருக்கும், ஆனால் ஒரு கன மீட்டர் சக்கரங்களின் உட்பரப்பைக் கணக்கிட்டால் 500 சதுர மீட்டர் வரும். புளோயர் ஊதும் காற்றில் இவை ஓயாமல் சுழல, உட்சுவர்களில் நுண்ணுயிர்கள் படலமாக ஒட்டி வளர்கின்றன. மெதுவாகப் பெருகும் நுண்ணுயிர்கள் சாதாரணக் காற்றூட்டத் தொட்டியில் கசடோடு கசடாக வெளியேறிவிடும். இங்கே அவை ஒட்டிக்கொண்டு நிலைத்துவிடுகின்றன. மருந்துகளைச் சிதைப்பதில் இந்த மெதுவான இனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், முறையின் அடிப்படையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாணக் கரைசலும் வெல்லமும் இட்டுத் தொடங்கினோம். வெள்ளைச் சக்கரங்கள் பழுப்பேறி, நாற்றம் அடங்கி, நீர் தெளியத் தொடங்கிய நாள் இன்றும் நினைவில் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கேட்பதையெல்லாம் இந்த நிலையம் தருகிறது. லிட்டருக்கு பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 250, நீரில் கலந்து மிதக்கும் திடப்பொருள் 100 என்ற வரம்புகளுக்குள்ளேயே எங்கள் மாத அறிக்கைகள் இருந்துள்ளன. விலக்கான ஒரு மாதத்தைப் பின்னர் சொல்கிறேன். சுத்திகரித்த நீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 விழுக்காடு பிழைக்க வேண்டும் என்ற சோதனையிலும் தேறியது. ஆனால் அந்த வரம்புப் பட்டியலில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கும்போதே மருந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருக்க முடியும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் நுண்ணுயிர்களைக் கொண்டுதான் நீரைச் சுத்திகரித்தார்கள். அங்கிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு கூறியது. அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

எல்லா மருந்தும் நுண்ணுயிருக்கு ஒன்றல்ல. பாராசிட்டமால், இபுபுரூஃபென் இரண்டையும் அவை எளிதில் உண்டுவிடுகின்றன. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபைன் ஏறக்குறைய அப்படியே தாண்டிப் போகிறது. உடல் அதைச் சர்க்கரையோடு பிணைத்து வெளியேற்றிய வடிவத்தை நுண்ணுயிர்கள் பிரித்துவிடுவதால், நுழைந்ததைவிட வெளியேறும் நீரில் அதன் அளவு கூடியிருப்பதும் உண்டு. வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக் இடைப்பட்டது. சக்கரங்கள் இல்லாத சாதாரணக் கசடு முறையில் அதில் பெரும்பகுதி தப்பிவிடும். சக்கரங்களில் ஒட்டிய படலம் அதைக் கூடுதல் வேகத்தில் சிதைப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எளிதாகக் கிடைக்கும் உணவை முதல் தொட்டியிலேயே தீர்த்துவிட்டு, அடுத்தடுத்த தொட்டிகளில் பசித்த நுண்ணுயிர்களிடம் மருந்தை விடும் பல கட்ட அமைப்பை டென்மார்க்கில் மருத்துவமனைக் கழிவுநீரிலேயே சோதித்துள்ளனர். எங்களுக்கு விற்கப்பட்டது ஒற்றைத் தொட்டி. இந்த வேறுபாட்டை விற்றவர் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு மிகுந்த வருத்தம் அதில்தான்.

அதைவிடக் கவலை தந்தது கசடு. உலர்ந்த கசடைத் தென்னைக்கு உரமாக இடலாம் என்று அதே பிரதிநிதி சொன்னதை நம்பி, முதல் சில மாதங்கள் அப்படியே செய்தோம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை சிதையாமலேயே கசடில் ஒட்டிக்கொள்பவை. நீரில் குறைந்துவிட்டதாகத் தெரிவது உண்மையில் கசடுக்கு இடம் மாறியதுதான். மருத்துவமனைச் சுத்திகரிப்புக் கசடைப் பொது உயிரி மருத்துவக் கழிவு நிலையத்துக்கு எரிப்பதற்காகவோ, அபாயகரக் கழிவுகளை அகற்றும் நிலையத்துக்கோ கொடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. விதியைப் படித்த அன்றே உரமிடுவதை நிறுத்தினேன். படிக்காமல் விட்ட மாதங்களுக்கு நானும் பொறுப்பு.

விலக்கான அந்த மாதம், வார்டுகளைக் கழுவிய ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி அளவுக்கு மீறித் தொட்டிக்கு வந்துவிட்டது. படலம் உரிந்து, நீர் பால்போல் கலங்கியது. பழைய நிலை திரும்பச் சில வாரங்கள் ஆயின. வரும் நீரைத் தேக்கிக் கலந்து சீராக அனுப்ப முன்னால் உள்ள சமன்செய் தொட்டி போதுமான அளவில் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் அழைத்த மறுநாள் வந்தனர், பொறுமையாகவும் வேலை செய்தனர். புளோயர் இரவுபகலாக ஓடுவதால் மின்கட்டணம் கணிசமாக வரும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

மருந்து கழிவுக் குழாய்க்குள் போகாமலேயே தடுப்பதும் எங்களால் முடிந்தது. டைக்ளோஃபெனாக் களிம்பில் சிறு பகுதியே தோலுக்குள் செல்கிறது, மீதி கைகழுவும் நீரில் போகிறது. அதனால் எங்கள் பிசியோதெரபி பிரிவினர் இப்போது காகிதத்தால் துடைத்த பின்னரே கைகழுவுகின்றனர்.

நாற்றத்தையும் பி.ஓ.டி.யையும் குறைக்க இந்த நிலையத்துக்கு 5-க்கு 4 தருவேன். மருந்து எச்சத்தை நீக்கும் என்ற வாக்குக்கு 2 மட்டுமே. வாங்குவோர் குறைந்தது 2 தொட்டிகள், பெரிய சமன்செய் தொட்டி, முடிவில் மிஞ்சிய மருந்தை ஈர்த்துப் பிடிக்கும் கார்பன் ஃபில்டர், அந்தக் கார்பனை எப்போது மாற்றுவது என்ற கால அட்டவணை ஆகிய நான்கையும் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். எந்த மருந்து எவ்வளவு குறையும் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்கள் இரண்டாம் தொட்டிக்கான அடித்தளம் சென்ற மாதம் போடப்பட்டது. மீடியா இன்னும் வந்து சேரவில்லை.