குளிசைப் பையைக் கொட்டிப் பார்த்த தோல் டொக்டர்

அப்பாவுக்கு 78 வயது. சீனி வருத்தம் 22 வருடமாக இருக்கிறது, பிரசர் அதற்கும் முன்னாலிருந்து, 2019இல் நெஞ்சுக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், அப்புறம் மூன்று வருடமாகச் சிறுநீரகமும் சோர்ந்துபோய், அது வெளியேற்ற வேண்டிய கிரியேற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறிக்கொண்டே வருகிறது. இப்படி ஒருவருக்குத் தோலில் விளங்காத வருத்தம் ஒன்று வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கே காட்டுவது என்று இப்போது சொந்தக்காரரும் கூட வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அதனால் நாங்கள் போன இடத்தைப் பற்றி விரிவாகவே எழுதிவிடுகிறேன். நகருக்குள், தோல் வைத்திய நிபுணர் ஒருவர் மாலையில் மட்டும் இருந்து பார்க்கும் சிறிய தனியார் கிளினிக் அது. டொக்டர் தன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் இடத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

முதலில் கொப்புளம் ஒன்றும் இருக்கவில்லை, கடி மட்டும்தான். இரவு பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு எழும்பி விறாந்தையில் இருந்து சொறிவார், கை எட்டாத இடத்துக்கு அம்மாவின் சீப்பை எடுத்து வைத்துக்கொள்வார். தொடையிலும் வயிற்றிலும் காஞ்சோண்டி பட்டது மாதிரிச் சிவப்புத் தடிப்புகள். ஒரு இடத்தில் பூச்சியால் தொற்றும் சொறி என்று சொல்லி, அந்தப் பூச்சியைக் கொல்லும் பேர்மெத்ரின் மருந்தைப் பூசச் சொன்னார்கள். வீட்டில் இருக்கிற ஆறு பேரும் கழுத்திலிருந்து கால் வரை பூசி, படுக்கை விரிப்பெல்லாம் கொதிநீரில் போட்டெடுத்து, ஒரு கிழமை கழித்து அதே வேலையை இன்னொரு தடவை செய்தோம். அப்பாவைத் தவிர வேறு ஒருவருக்கும் கடி இல்லை, அதை அங்கே யாரும் கேட்கவும் இல்லை. இன்னொரு இடத்தில் கிட்னி பழுதானவர்களுக்குக் கடி வரும் என்றார்கள். அது உண்மையும்தான், அதனால் நம்பி இரண்டு மாதம் வறண்ட தோலுக்கான கிறீமைப் பூசிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு பாமசியில் டொக்டரின் மருந்துத் துண்டு எதுவும் இல்லாமலே ஒரு டியூப் தந்தார்கள், பங்கசு மருந்து, அன்ரிபயோட்டிக், கடுமையான ஸ்டீரொய்ட் மூன்றும் கலந்தது. பூசினால் நாலு நாள் அடங்கும், விட்டால் முன்னையதைவிட மோசமாக வரும். மூன்று இடத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கையைப் பார்த்தார்கள். அப்பா வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

வீட்டில் அம்மா தன் பங்குக்குக் கிரந்திச் சாப்பாடு எல்லாவற்றையும் நிறுத்தினார். கணவாய், இறால், நண்டு, கத்தரிக்காய், கடைசியில் கருவாடும் போனது. பருப்பும் முருங்கைக்காயும் புட்டுமாக இரண்டு மாதம் சாப்பிட்டு அப்பா நாலு கிலோ மெலிந்ததுதான் மிச்சம். நாலாவது மாதம் ஒரு விடியற்காலை சாரத்தை விலக்கிக் காட்டினார், உள்தொடையில் நெல்லிக்காய் அளவில் ஐந்தாறு கொப்புளங்கள், கண்ணாடி மாதிரி நீர் கட்டி, விரல் பட்டாலும் உடையாத அளவுக்கு இறுகி இருந்தன. அம்மாள் வருத்தமாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி படலையில் வேப்பிலை கட்டிவிட்டார். அவர் அன்போடு செய்தது அது. ஆனால் அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே கொப்புளிப்பான் வந்து போய்விட்டது, காய்ச்சலும் இல்லை, அதோடு கடி நாலு மாதமாக இருக்கிறது. அன்றைக்குத்தான் இந்தக் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன்.

நம்பர் தந்த பிள்ளை சொன்ன ஒரு வசனத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "அப்பா குடிக்கிற எல்லாக் குளிசையையும் அட்டையோட கொண்டு வாங்கோ, நிப்பாட்டின குளிசையும் இருந்தால் அதையும், கிளினிக் கொப்பியளையும் மறக்காதேங்கோ" என்றார். எங்களுக்கு 14ஆம் நம்பர். ஐந்து மணிக்குப் போய் ஏழரைக்கு உள்ளே போனோம். அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்பது உள்ளே போனபிறகு விளங்கியது.

டொக்டர் தோலைப் பார்க்கவே இல்லை முதலில். "பையை இதில கொட்டுங்கோ, தங்கச்சி" என்று மேசையைக் காட்டினார். ஒன்பது வகைக் குளிசை. ஒவ்வொரு அட்டையையும் வரிசையாக அடுக்கி, இது எப்போது தொடங்கியது, அதற்கு முன்னால் என்ன எடுத்தார், யார் மாற்றினார்கள் என்று கேட்டு, நான் சொன்னதைக் கிளினிக் கொப்பியில் இருக்கும் திகதியோடு சரிபார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். ஏழாவது அட்டையில் நின்றார். வில்டாகிளிப்டின் 50 மில்லிகிராம். கிட்னிக்காக மெட்போர்மினைப் பாதியாகக் குறைத்தபோது சீனிக்காகச் சேர்த்த குளிசை அது, எட்டு மாதத்துக்கு முன். கடி தொடங்கி நாலு மாதம். திகதிகள் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி அடியில் கோடு போட்டார். அப்பா கண்ணாடியை இறக்கி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் இரசாயனம் படிப்பித்த வாத்தியார், இப்படிப் பட்டியல் போட்டு யோசிக்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும். வாத்தியார் என்று தெரிந்ததிலிருந்து டொக்டரும் அவரை "சேர்" என்றுதான் கூப்பிடுகிறார்.

அப்புறம்தான் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார். ரோச் அடித்து வாய்க்குள், கண்ணுக்குள், உச்சந்தலை, விரலிடுக்கு, உள்ளங்கால். கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலைப் பெருவிரலால் அழுத்தி இழுத்துப் பார்த்தார், உரியவில்லை. வாயில் புண்ணும் இல்லை. பார்க்கப் பார்க்க எங்களுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். தோல் இப்படி உரிந்து, வாயெல்லாம் புண்ணாகி, கொப்புளம் தளதளவென்று உடனே உடைந்தால் அது பெம்பிகஸ் என்ற வேறு வருத்தமாம், அது இதைவிடக் கடுமையானது. சீனி வருத்தக்காரருக்கு வரும் கொப்புளம் பெரும்பாலும் பாதத்திலும் முழங்காலுக்குக் கீழேயும்தான் வருமாம், சுற்றிச் சிவப்போ பெரிய கடியோ இருக்காது. கிட்னி பழுதானவர்களுக்கும் ஒருவகைக் கொப்புளம் உண்டு, அது வெயில் படும் புறங்கையில். அப்பாவுக்கு வந்த இடமும் விதமும் இந்த மூன்றோடும் சேரவில்லை. புல்லஸ் பெம்பிகொய்ட் என்றுதான் தான் நினைப்பதாகவும், தோலை வெட்டிச் சோதித்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

வருத்தத்தை அவர் விளங்கப்படுத்திய விதம் எனக்குப் பிடித்தது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, தோலின் மேல்படையைக் கீழ்ப்படையோடு ஒட்டி வைத்திருக்கும் புரதங்களைப் பிழையாகத் தாக்குகிறது. ஒட்டு விட்ட இடத்தில் நீர் கோர்க்கிறது, மேல்படை முழுதாக மேலே நிற்பதால்தான் கொப்புளம் அவ்வளவு இறுக்கம். 70 தாண்டியவர்களுக்கே அதிகம் வரும், தொற்றாது, கொப்புளத்துக்குப் பல மாதம் முன்னமே வெறும் கடியாகத் தொடங்கலாம். கிளிப்டின் என்று முடியும் சீனிக் குளிசைகள் சிலருக்கு இதைத் தூண்டிவிடுவது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயமாம். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குளிசை ஒரு கரைச்சலும் தராது, அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பயொப்சி அன்றைக்கே அங்கேயே எடுத்தார். விறைப்பூசி போட்டு, பேனை மூடி போன்ற ஒரு வட்டக் கத்தியால் இரண்டு சின்னத் துண்டு, ஒன்று புதிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து, மற்றது கொப்புளம் இல்லாத பக்கத்துத் தோலிலிருந்து. முதல் துண்டு போர்மலின் போத்தலுக்குப் போனது. இரண்டாவதைப் போர்மலினுக்குள் போடவே கூடாதாம், போட்டால், தோலில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோபுளோரசன்ஸ் பரிசோதனைக்கு அது உதவாது. அதற்கு வேறு போத்தல், வேறு திரவம். நேர்ஸ் கைமாறிப் போடாமல் இருக்க டொக்டர் தானே மூடியைத் திருகி, தானே பெயர் எழுதி ஒட்டினார். அந்தப் போத்தல் அன்றிரவே கொழும்பு பஸ்ஸில் ஆய்வுகூடத்துக்குப் போனது.

ரிப்போர்ட் வரும்வரை அப்பாவைச் சும்மா விடவில்லை. எங்கள் முன்னாலேயே சீனி கிளினிக் டொக்டருக்குப் போன் எடுத்து, வில்டாகிளிப்டினை நிறுத்தி இரவில் கொஞ்சம் இன்சுலின் போடுவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். ஐந்து வருத்தம் உள்ள மனிதருக்கு ஐந்து டொக்டர்மார் ஐந்து கொப்பியில் எழுதுகிறார்கள், ஒருவர் இன்னொருவரோடு பேசியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

இந்த வருத்தத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை. அதைக் கொடுத்தால் அப்பாவின் சீனியும் பிரசரும் எகிறும், எலும்பும் கெடும். அதனால் குளோபெற்றசோல் என்ற ஸ்டீரொய்ட் கிறீமைத் தடிப்பு உள்ள இடமெல்லாம் தாராளமாகப் பூசவும், டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் எடுக்கவும் சொன்னார். அன்ரிபயோட்டிக் ஏன், கிருமி இல்லையே என்று அப்பா கேட்டார். இந்த மருந்துக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு, ஸ்டீரொய்ட் குளிசை அளவுக்கு வேகம் இல்லை, ஆனால் வயதானவர்களுக்குப் பாதுகாப்பு அதிகம் என்றார். அந்த இடத்தில்தான் மறுபடி அட்டைகளைப் பார்த்தார். கிட்னிக்காக அப்பா சாப்பாட்டோடு கல்சியம் குளிசை எடுக்கிறார், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் டொக்சிசைக்கிளின் உடம்பில் சேராது. எத்தனை மணிக்கு எது என்று தமிழில் தாளில் எழுதித் தந்தார். குளிசை போட்டதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, வெயிலில் திரியக் கூடாது என்பதையும் எழுதினார். பெரிய கொப்புளத்தைக் கிருமி நீக்கிய ஊசியால் குத்தி நீரை விட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே மூடி விட வேண்டும் என்று நேர்ஸ் செய்து காட்டினார், இரண்டாம் நாளிலிருந்து நானே செய்தேன்.

மூன்று கிழமை கழித்து வந்த ரிப்போர்ட்டில், இரண்டு படைக்கும் நடுவே நேர்கோடாக எதிர்ப்புச் சக்தியின் புரதங்களான ஐஜிஜியும் சி3யும் படிந்திருப்பதாக இருந்தது. அவர் நினைத்ததேதான்.

பிறகு சித்தியையும் அங்கே கூட்டிப் போனேன், அவரது இடுப்பில் வட்டமாக ஒரு படை. வெளிறிய இடத்தை டொக்டர் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார், தொழுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த. அப்புறம் ஓரத்தைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் வெறும் பங்கசு, பாமசியில் வாங்கிப் பூசிய கலவைக் கிறீமால் உருமாறிக் கிடந்திருக்கிறது. அப்பாவுக்குத் தந்த அதே வகை டியூப். துண்டு இல்லாமல் அதை விற்பதை யாராவது நிறுத்த வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிளினிக் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை. ஸ்டென்ட் வைத்த, தொடையெல்லாம் புண்ணான மனிதர் 19 படி ஏற வேண்டியிருந்தது, கீழே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு வாசலில் இருந்தவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்க எடுத்த போன்கள் பாதி எடுபடவில்லை. பார்வைக் கட்டணம் 3,000 ரூபாவுக்கு மேல், கொழும்புப் பரிசோதனையும் சின்னச் செலவில்லை, கிறீம் டியூப் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று முடியும். செலவு கஷ்டம் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கடிதம் தருகிறேன், அங்கே இலவசம் என்று டொக்டர் முதல் நாளே தானாகச் சொன்னார். நாங்கள் இரண்டாம் மாதத்திலிருந்து கிறீமை அப்படித்தான் எடுக்கிறோம்.

ஆறாவது கிழமையிலிருந்து புதிய கொப்புளம் இல்லை. இப்போது ஐந்து மாதம், கிறீம் கிழமைக்கு இரண்டு நாள்தான். திரும்பவும் வரக்கூடிய வருத்தம் என்பதால் மாதம் ஒரு தடவை காட்டுகிறோம். நண்டு சாப்பிட்டதால் இது வரவில்லை, கிட்னி டொக்டர் சொன்ன அளவுக்குள் சாப்பிடலாம் என்று அம்மாவிடம் டொக்டர் நேரில் சொன்னார், அம்மா பாதிதான் நம்பியிருக்கிறார். போன முறை போனபோது அப்பா ஒரு சீஆர் கொப்பியில் ஒவ்வொரு குளிசைக்கும் பெயர், அளவு, தொடங்கிய திகதி, எழுதிய டொக்டர் என்று கோடு கீறிப் பட்டியல் போட்டுக் கொண்டுபோனார். டொக்டர் அதை முழுதாக வாசித்துவிட்டு, "நல்லாய் எழுதியிருக்கிறீங்கள் சேர், ஆனாலும் பையையும் ஒருக்கால் கொட்டுங்கோ" என்றார். கொட்டினோம். கொப்பியில் ஏறாத ஒரு அட்டை அதற்குள் இருந்தது, கண் கிளினிக்கில் அதற்கு முந்தின நாள் தந்தது.